ஒட்டுவாரொட்டி

டக், டக். கேட்கிறதா உங்களுக்கு? மேலே சாமான் வைக்கிற கம்பித் தட்டில் யாரோ இரண்டு எவர்சில்வர் டப்பாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பஸ் குலுங்கும்போதெல்லாம் ஒன்று மற்றதை இடிக்கிறது. உங்களுடையதா? இருக்கட்டும், எடுக்க வேண்டாம். எனக்குப் பழகின சத்தம்தான். பாளையங்கோட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எஸ்தர் டீச்சரின் சைக்கிள் கேரியரில் அவள் டிபன் பாக்ஸும் என் டிபன் பாக்ஸும் இப்படித்தான் முட்டிக்கொண்டே வரும். நடுவில் ஒரு துணியை வைக்கக் கூடாதா என்று கேட்டால், "பேசிக்கிட்டு வரட்டுமே காந்தி, ஒனக்கென்ன?" என்பாள். நான் பக்கத்தில் நடந்து வருவேன். அவள் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு வருவாள். ஊரிலேயே சைக்கிள் இருந்தும் நடந்து போன ஒரே ஆசிரியை அவள்தான்.

முன் சீட்டில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டுகிறாளே, உங்கள் மகளா? ஹாஸ்டலில் விடப் போகிறீர்களா? கோயம்புத்தூரா?

ஐயோ.

இல்லை, இல்லை, பயப்படாதீர்கள். ஊர் நல்ல ஊர். தண்ணீர் நல்ல தண்ணீர். சேர்க்கையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மதுரையில் ஏறியதிலிருந்து சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வருகிறேன். நாங்களும் ஒரு பெண்ணைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கொடுத்துவிட்டுத் தவித்த குடும்பம். நான் உயிரியல் டீச்சர். அம்மை எப்படிப் பரவும், காலரா எப்படிப் பரவும் என்று எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் எனக்கு உடனே புரிந்துவிட்டது. இது ஒட்டுவாரொட்டி. ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு.

என் தம்பி சங்கரனின் மகள் வடிவு. எங்கள் அம்மாவின் பெயர். அப்போது இருபத்து மூன்று வயது, விவசாயத்தில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள், சாப்பாடெல்லாம் முடிந்து, கை கழுவி, அப்பாவையும் அம்மாவையும் எதிரே உட்கார வைத்து, தனக்கு மேகலா என்ற பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றாளாம்.

"பிடிக்கட்டுமே, கூடப் படிக்கிற பிள்ளைதானே?" என்றிருக்கிறான் தம்பி.

"அப்படி இல்லப்பா. அப்பாவுக்கு அம்மாவைப் பிடிக்கிற மாதிரி."

அதற்கு என் தம்பி பெண்டாட்டி செண்பகம் கேட்டாளாம்: "உங்கப்பாவுக்கு என்னையப் பிடிக்கும்னு ஒனக்கு யாருட்டி சொன்னா?"

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. செண்பகத்துக்குத்தான் விஷயம் முதலில் விளங்கியது. விளங்கியதும் பொங்கல் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். அப்புறம் யார் கெடுத்தது என்று ஆராய்ச்சி தொடங்கியது. எங்கள் சித்தப்பா ஹாஸ்டல் சாப்பாடு என்றார். செண்பகத்தின் அண்ணன் செல்போன் என்றான். செண்பகம் மட்டும், எல்லாம் மாமியார் பெயரை வைத்ததால் வந்த வினை என்றாள். எங்கள் அம்மாவும் யார் சொல்லும் கேட்க மாட்டாள், அது உண்மைதான். வடிவு நடுவில் உட்கார்ந்து, "யாரும் என்னைக் கெடுக்கல, மாத்தவும் இல்ல. நான் எப்பவும் இப்படித்தான் இருந்தேன். சொன்னதுதான் இப்போ," என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். யார் காதில் விழும்?

சங்கரன் அவளைத் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனான். அந்த மனிதர் வடிவிடம் கொஞ்ச நேரமும் சங்கரனிடம் நெடுநேரமும் பேசிவிட்டு, இது நோயே இல்லை, பிள்ளை நன்றாக இருக்கிறாள், உங்களுக்கு வேண்டுமானால் தூக்கத்துக்கு மாத்திரை எழுதித் தருகிறேன் என்றாராம். அந்த மருத்துவருக்கும் சேர்க்கை சரியில்லை என்று தம்பி முடிவுக்கு வந்துவிட்டான்.

இப்படியே ஆனி மாதம் வந்துவிட்டது. அப்புறம்தான் எனக்குப் போன் செய்தான். "அக்கா, ஆடி முடியட்டும், ஆவணியில கல்யாணம் வச்சிருதேன். தூத்துக்குடியில ஒரு பையன், உப்பளத்துல மேனேஜர். ஆடி மாசம் மட்டும் இவளை ஒன் வீட்டுல வச்சுக்கோ. அந்தக் காத்தே படக் கூடாது. ஒங்க வீடுதான் ஒழுக்கமான வீடு. ரெண்டு டீச்சர்மாரு. ஆம்பளை சகவாசமும் கிடையாது, கண்ட பொம்பளை சகவாசமும் கிடையாது. ஒங்களைப் பாத்தாவது இவ திருந்தட்டும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இருக்காதா? நான் எஸ்தரிடம் சொன்னேன்: "எஸ்தர், நாம ரெண்டு பேரும் அந்தப் பிள்ளைக்கு முன்மாதிரியா நடந்துகிடணும்."

எஸ்தர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் புடவையை மடித்து அவள் புடவைமேல் வைத்துவிட்டு, என்னையே பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி காந்தி, நடந்துகிடுவோம்," என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான், காரணமில்லாமல் சிரிப்பு வரும்.

வடிவு வந்தாள். செல்போனைத் தகப்பன் வாங்கி வைத்துக்கொண்டான். முகம் சுண்டிப்போய் இருந்தது. "அத்தை, ஆவணியில என்னைக் கட்டிக் குடுத்துருவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். "நல்லதுதானே பிள்ளை?" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வேளை சாப்பிடவில்லை. எஸ்தர்தான் உள்ளே போய், என்ன சொன்னாளோ, கூட்டிக்கொண்டு வந்து தோசை வார்த்துக் கொடுத்தாள்.

என் சிகிச்சை முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதலில் தனிமைப்படுத்துவது. அப்புறம் நல்ல சேர்க்கையை ஊட்டுவது. பக்கத்து வீட்டில் கோகிலா என்று புதிதாகக் கல்யாணமான பெண். தினமும் சாயங்காலம் வந்து வடிவிடம் பேசிக்கொண்டிரு, குடும்ப வாழ்க்கை எவ்வளவு சந்தோஷம் என்று அவளாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்லி வைத்தேன். கோகிலா வந்தாள். முதல் நாள் மாமியாரைப் பற்றிப் பேசினாள். அடுத்த நாள் புருஷன் சாக்ஸைப் பற்றிப் பேசினாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். வடிவு அவள் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்ப்பாள். ஆடி பாதிகூடப் போகவில்லை, கோகிலா என்னிடம் வந்து, "டீச்சர், ஒங்க மாடி ரூம் காலியா இருக்கா?" என்றாள்.

கோகிலாவை நிறுத்திவிட்டேன். வேறு யார் வேண்டும், நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோமே என்று தோன்றியது. எங்கள் வீட்டு ஒழுங்கைப் பார்த்தே அவள் மனம் மாறட்டும்.

எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்கு. நான் சைவப் பிள்ளை வீட்டுப் பெண், முட்டை கூடத் தொட மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் மீன் வந்தால், செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, சாளை வாங்குகிறவள் நான்தான். எஸ்தருக்குப் பார்த்து வாங்கத் தெரியாது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடுவாள். அவள் சி.எஸ்.ஐ. சபை. இருந்தாலும் எனக்கு முதுகு வலி வந்ததிலிருந்து மார்கழிக் கோலம் அவள்தான் போடுவாள். அவள் போட்டால் எந்தக் கோலமும் கடைசியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாதிரி முடியும். தெருவில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. கொசுவலை ஒன்றுதான் வைத்திருந்தோம். வாடகை வீட்டில் இருந்தபோது அதிகம் ஆணி அடிக்க விடவில்லை. சொந்த வீடு கட்டின பிறகு அதுவே பழகிவிட்டது.

வடிவு இதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள். நன்றாகக் கவனிக்கிறாளே என்று எனக்குத் திருப்தி. ஒருநாள் கேட்டாள்:

"அத்தை, நீங்க ஏன் கல்யாணம் பண்ணிக்கலை?"

"அமையலை பிள்ளை."

"யாருமே வரலையா?"

"வந்தாங்க. கடையநல்லூர்லேருந்து ஒரு தாசில்தார் வந்தாரு. நல்ல மனுசன். அன்னைக்கு எஸ்தர் சாப்பிடலை. ஏம்ட்டி சாப்பிடலைன்னு கேட்டா, பசிக்கலைங்கா. ரெண்டு நாளு. ஒருத்தி நம்மால பட்டினி கிடக்கும்போது எப்படிப் பிள்ளை சம்மதிக்க முடியும்? வேண்டாம்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி ஒம்பது இட்லி தின்னா."

வடிவு எழுந்து அடுப்படிக்குப் போய் எஸ்தரைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. எஸ்தர், "மாவு ஒட்டும், தள்ளு," என்றாள்.

அந்த மாதம் எஸ்தரின் செல்போனில் சார்ஜே நிற்கவில்லை. பேட்டரி போயிற்று என்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது, யாரோ மணிக்கணக்காகப் பேசுகிறார்கள் டீச்சர் என்றார். எஸ்தர் யாரிடம் பேசுவாள்? நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஆடி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றது. ஒடிசலாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, காலடியில் ஒரு சாக்கு மூட்டை. தும்மிக்கொண்டே, "ஏனுங்க, காந்திமதி டீச்சர் ஊடுங்களா?" என்றது.

"ஆமா. யாரும்மா?"

"மேகலாங்க. பொள்ளாச்சிங்க. தேங்கா கொண்டாந்தனுங்க."

நான் தேங்காய் வியாபாரம் என்றே நினைத்தேன். நீங்களே சொல்லுங்கள், ஒரு குடும்பத்தையே கலைத்த பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும்? மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும், கட்டைக் குரலில் பேசும் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். இது செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, "தண்ணி குடிச்சுக்கலாங்களா அத்தை?" என்று கேட்கிறது. உள்ளேயிருந்து வடிவு வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு விளங்கியது. வெளியே போ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அது இன்னும் இரண்டு தும்மல் தும்மியது. இரவெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் வந்திருக்கிறது. எஸ்தர் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டாள். காப்பி குடிக்கிறவளை எப்படிப் போகச் சொல்வது?

"சாப்பிட்டுட்டுப் போகட்டும் காந்தி," என்றாள் எஸ்தர். "இவ்வளவு தேங்காய் இருக்கு. சொதி வைப்போமா?"

உங்கள் பக்கம் சொதி உண்டா? எங்களுக்கு அதுதான் பெரிய விருந்து. தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வைத்து. கல்யாணம் முடிந்து, பெண் வீட்டில் மாப்பிள்ளையை உட்கார வைத்து மறுவீட்டு விருந்து போடுகிறார்களே, அன்றைக்குக் கட்டாயம் சொதிதான். மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு நினைவிலேயே இல்லை. தேங்காய் இருந்தது, வைத்தோம். நான் துருவினேன், மேகலா பால் பிழிந்தாள். நல்ல கை. ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை.

இரண்டு பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டு உட்கார வைத்து நான் சோறு வைக்கிறேன், எஸ்தர் கரண்டியோடு குனிந்து சொதி ஊற்றுகிறாள், வாசலில் சங்கரன் நிற்கிறான். கையில் ஒரு பந்து மல்லிகைப்பூ, மாப்பிள்ளையின் ஜாதகம். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்ல வந்திருக்கிறான்.

"அக்கா, என்ன இது?"

"சொதி."

"சொதின்னு தெரியுது. யாருக்கு மறுவீடு?"

நான் பதில் சொல்வதற்குள் மேகலா எச்சில் கையோடு எழுந்து நின்று, "வாங்க மாமா, மேகலாங்க," என்றாள். பொள்ளாச்சி மரியாதை. என் தம்பியின் முகம் இஞ்சிப் பச்சடி நிறத்துக்குப் போய்விட்டது.

அவன் மேகலாவை ஒன்றும் சொல்லவில்லை, வடிவையும் சொல்லவில்லை. நேராக எஸ்தரிடம் திரும்பினான். "எல்லாம் இந்தம்மா சேர்க்கை. இங்க கொண்டாந்து விட்டேம் பாரு, என்னையச் சொல்லணும். அக்கா, இந்தம்மாவை அவுக தம்பி வீட்டுக்கு நாகர்கோவிலுக்கு அனுப்பு. இனிமே இவுக இந்த வீட்டுல இருக்கப்படாது. இருந்தாவன்னா நான் இந்த வாசப்படி ஏற மாட்டேன்."

எஸ்தர் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். உள்ளே அலமாரிமேல் இருந்து பையை இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா, எனக்கு வந்ததே ஒரு கோபம். வகுப்பில்கூட அப்படிக் கத்தினதில்லை.

"ஏல சங்கரா! செண்பகத்தை அனுப்புன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? அவ சாம்பாரை வாயில வைக்க முடியலை, சொன்னேனா? ஒனக்குச் செண்பகம்னா எனக்கு எஸ்தர். அவ போயிட்டா இந்த வீட்டுல எனக்கு என்னல ஜோலி?"

தர்க்கமாகத்தானே சொன்னேன்? வடிவு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இலையில் கண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேகலா தும்மலை அடக்கிக்கொண்டு நின்றாள். சங்கரன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான், புதிதாக ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. எஸ்தர் அறை வாசலில் பையோடு நின்றாள். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு இலையைப் போட்டாள்.

"தம்பி, சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்கிடுங்க."

எங்கள் ஊர்க்காரன். சொதியின் வாசனை மூக்கில் ஏறிய பிறகு எவ்வளவு நேரம் நிற்பான்? உட்கார்ந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டான். இஞ்சிப் பச்சடியை இரண்டாம் தடவை அவனே கேட்டு வாங்கினான். கை கழுவிவிட்டு ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மல்லிகைப் பந்தை மறந்துவிட்டான். வாடிப் போகுமே என்று எஸ்தர் அதை நாலாக நறுக்கி நாலு பேர் தலையிலும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. செண்பகம் மட்டும் போன் செய்து, குரலைத் தாழ்த்தி, "மைனி, அந்தப் பிள்ளை நல்லாச் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

என் தோல்விக்குக் காரணம் எஸ்தரின் இளகின மனசுதான். இன்னும் ஒரு மாதம் கொடுத்திருந்தால் வடிவை மாற்றியிருப்பேன். இப்போதும் சொல்கிறேன், எல்லாம் சேர்க்கை. யாரோடு இருக்கிறோமோ அவர்கள் மாதிரி ஆகிவிடுகிறோம். என்னையே பாருங்கள், சைவப் பிள்ளை, சாளை மீனின் கண்ணைப் பார்த்து வயசு சொல்வேன்.

வடிவும் மேகலாவும் பொள்ளாச்சியில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார்கள். அங்கேதான் போகிறேன். ஒரு மாதம் இருந்துவிட்டு வந்துவிடுவேன். போன தடவையும் ஒரு மாதம் என்றுதான் ஐப்பசியில் போனேன், எனக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்துவிட்டார்கள், தை வந்துவிட்டது.

எஸ்தரா? வரவில்லை. போன வருஷம் மாசியில் இறந்துபோனாள். காலையில் காப்பி போட எழுந்தவள், அடுப்படியிலேயே. சபைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். அவள் தம்பி நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தான். பள்ளிக்கூடமே வந்து அவன் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டது. நான் வேப்பமரத்தடியில் குடையோடு நின்றேன். மேகலா என் பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் சங்கரன் வந்தான். அந்தச் சொதிக்குப் பிறகு அன்றைக்குத்தான் படி ஏறினான். கையில் துணிக்கடைப் பை. என் மடியில் ஒரு புதுப் புடவையை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். கோடிப் புடவை. புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போடுவார்களே, அது. எனக்கு எதற்கு அது? அவனுக்கும் வயதாகிவிட்டது, எந்தச் சாங்கியம் யாருக்கு என்று குழம்பிப்போய்விட்டான். திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டேன். இதோ, இந்தப் புடவைதான்.